அமைதியான நாளில் எடுத்து வைக்கும் முடிவுகள்: பேரிடர் தயார்நிலைக்கு ஓர் எளிய அறிமுகம்

2010-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், ஆறேழு வார இடைவெளியில், இரண்டு பெரிய நிலநடுக்கங்கள் வந்தன. ஜனவரி 12 அன்று ஹைட்டியில் வந்ததன் அளவு 7.0. பிப்ரவரி 27 அன்று சிலியில் வந்ததன் அளவு 8.8. எண்களைப் பார்த்தால் பெரிய வித்தியாசம் இல்லாதது போலத் தோன்றும். ஆனால் இந்த அளவுகோலில் ஒரு புள்ளி கூடினாலே வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு கூடிவிடும். அந்தக் கணக்குப்படி, சிலியின் நிலநடுக்கம் ஹைட்டியுடையதைவிட ஏறத்தாழ 500 மடங்கு ஆற்றல் கொண்டது. இறந்தவர்களின் எண்ணிக்கையோ நேர் எதிராக இருந்தது. சிலியில் சுமார் 525 பேர். ஹைட்டியில் மதிப்பீடுகள் வேறுபட்டாலும், பெரும்பாலானவை ஒரு லட்சத்தைத் தொட்டுவிடுகின்றன.

ஒரே ஒரு காரணத்தை மட்டும் கைகாட்டிவிட முடியாது. ஹைட்டியில் அதிர்வின் மையம் தலைநகரத்துக்குப் பக்கத்திலேயே இருந்தது. சிலியில் அது கரையை ஒட்டிய கடலுக்கு அடியில். ஆனால் சிலி 1960-ல் 9.5 அளவுள்ள நிலநடுக்கத்தைக் கண்ட நாடு. இதுவரை கருவிகளில் பதிவானவற்றிலேயே மிகப் பெரியது அது. அந்த அடிக்குப் பிறகு கட்டட விதிகளை இறுக்கினார்கள், அவற்றைக் கடைப்பிடிக்கவும் செய்தார்கள். ஹைட்டியில் விழுந்த கட்டடங்களில் பெரும்பாலானவை அப்படி எந்தக் கண்காணிப்பும் இல்லாமல் எழுந்தவை.

பேரிடர் தயார்நிலைத் துறையின் அடிப்படைக் கருத்து இதில்தான் இருக்கிறது. நிலநடுக்கமும் புயலும் வெள்ளமும் இயற்கை நிகழ்வுகள். அவை பேரிடராக மாறுவதும் மாறாததும், அவை வந்து மோதும்போது நாம் எந்த நிலையில் இருக்கிறோம் என்பதைப் பொறுத்தது. எங்கே வீடு கட்டினோம், எப்படிக் கட்டினோம், எச்சரிக்கை நம் காதுக்கு வந்ததா, வந்தபோது என்ன செய்வது என்று தெரிந்திருந்ததா? புயலை நம்மால் நிறுத்த முடியாது. மற்றவற்றில் கை வைக்கலாம். அப்படிக் கை வைப்பதைத்தான் தயார்நிலை என்கிறோம்.

தயார்நிலை என்றதும் பலருக்கு ஒரு பை ஞாபகத்துக்கு வரும். டார்ச், பிஸ்கட், கயிறு, முதலுதவிப் பெட்டி. பை முக்கியம்தான், அதற்கும் வருகிறேன். ஆனால் பை இரண்டாவது வேலை. முதல் வேலை, முடிவுகளை எடுத்து வைப்பது. நடு இரவில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும்போது, குழந்தை அழும்போது, போன் வேலை செய்யாதபோது, நிதானமாக யோசித்து முடிவெடுப்பது யாருக்கும் கடினம். பதற்றத்தில் மனம் பழகிய பாதையில்தான் போகும், அல்லது உறைந்துவிடும். அதனால் யோசிக்க வேண்டியதை எல்லாம் ஒரு அமைதியான நாளில் யோசித்து முடித்துவிட வேண்டும். அந்த நேரம் வரும்போது செய்வது மட்டும் மிச்சம் இருக்க வேண்டும்.

எது வரும், அப்போது என்ன செய்வது?

முதல் கேள்வி, நீங்கள் இருக்கும் இடத்தில் என்னென்ன வரக்கூடும் என்பது. தாழ்வான பகுதியா, ஆற்றங்கரையா, கடலோரமா, மலைச்சரிவா, நிலநடுக்கப் பகுதியா, பக்கத்தில் ரசாயன ஆலை இருக்கிறதா? அந்த இடத்தில் வெகுகாலம் வாழ்ந்த வயதானவர்களிடம் கேளுங்கள். எந்த வருஷம் தண்ணீர் எதுவரை வந்தது என்று அவர்களுக்குத் தெரியும். பல ஊர்களில் அரசு வெளியிடும் வெள்ள அபாய வரைபடங்களும் கிடைக்கும்.

இதைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம் என்றால், ஒவ்வொரு ஆபத்துக்கும் செய்ய வேண்டியது வேறு. சில சமயம் நேர் எதிர். தீப்பிடித்தால் புகைக்குக் கீழே குனிந்தபடி உடனே வெளியேற வேண்டும். நிலநடுக்கம் வந்தால், நீங்கள் உள்ளே இருக்கும் பட்சத்தில், ஓடக் கூடாது. குனிந்து, உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து, அதன் காலைப் பிடித்துக்கொண்டு, அதிர்வு நிற்கும்வரை அங்கேயே இருக்க வேண்டும். ஓடுபவர்கள் மீதுதான் வாசலில் கண்ணாடியும் செங்கல்லும் விழுகின்றன. கடலோரத்தில் இருந்தால் அதிர்வு நின்ற அடுத்த நொடி மேட்டுக்கு நடையைக் கட்ட வேண்டும், அறிவிப்புக்குக் காத்திருக்கக் கூடாது. புயல் என்றால் ஒன்று முன்கூட்டியே வெளியேற வேண்டும், இல்லையென்றால் ஜன்னல் இல்லாத உள்ளறையில் இருக்க வேண்டும். நடுவில் காற்று திடீரென்று அடங்கினால் அது புயலின் கண், அதாவது அதன் அமைதியான நடுப்பகுதி, கடந்து போகும் நேரமாக இருக்கலாம், சற்று நேரத்தில் எதிர்த் திசையிலிருந்து மறுபடி அடிக்கும். ‘எச்சரிக்கையாக இரு’ என்ற பொதுவான அறிவுரை இதில் எதற்கும் உதவாது.

வெள்ளத்தைப் பற்றி மட்டும் சில எண்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ஓடும் தண்ணீர் 15 செ.மீ. உயரம் இருந்தாலே, அதாவது கணுக்காலைச் சற்றே தாண்டினாலே, ஒரு பெரியவரைத் தள்ளிவிடக்கூடும். 30 செ.மீ. தண்ணீர் சிறிய காரை மிதக்க வைக்கும். 60 செ.மீ. பெரும்பாலான வண்டிகளை அடித்துச் செல்லும். கலங்கிய நீருக்கு அடியில் சாலை இருக்கிறதா, அரித்துப் போய்விட்டதா, மூடியில்லாத பாதாளச் சாக்கடை இருக்கிறதா என்று கண்ணுக்குத் தெரியாது. ‘தினமும் போகிற வழிதானே’ என்ற தைரியம்தான் இங்கே ஆளைக் கொல்கிறது.

தண்ணீரும் பையும்

வீட்டில் சேர்த்து வைக்க வேண்டிய பொருட்களில் முதலிடம் குடிநீருக்கு. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு சுமார் 4 லிட்டர் என்பது பரவலாகச் சொல்லப்படும் கணக்கு. பாதி குடிக்க, பாதி சமைக்கவும் அடிப்படைச் சுத்தத்துக்கும். குறைந்தது மூன்று நாளைக்கு வேண்டும். நான்கு பேர் உள்ள வீட்டுக்கு 48 லிட்டர். கேட்கும்போது அதிகமாகத் தெரியவில்லை, இல்லையா? எடுத்து வைத்துப் பாருங்கள். 20 லிட்டர் கேன் இரண்டு, அதற்கு மேல் இன்னும் எட்டு லிட்டர். ஒரு கேனைத் தூக்கினாலே இடுப்பு வலிக்கும். அதனால் ஒரே பெரிய கேனாக இல்லாமல், ஒரு பகுதியையாவது சின்ன பாட்டில்களில் நிரப்பி வையுங்கள். வீட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்தால் கையில் எடுத்துக்கொண்டு போக முடியும். வெள்ளப் பகுதி என்றால் தரையில் வைக்காதீர்கள். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால், மின்சாரம் இருக்கும்போதே வாளி, குடம், பாத்திரம் என்று கிடைப்பதை எல்லாம் நிரப்பிவிடுங்கள், அது புழங்குவதற்கு.

சேர்த்த தண்ணீர் தீர்ந்து சந்தேகமான தண்ணீரைக் குடிக்க வேண்டி வந்தால், தெளிய வைத்து, துணியில் வடிகட்டி, நன்றாகக் கொப்பளித்துக் கொதிக்கும் நிலையில் ஒரு நிமிடம் விட வேண்டும். 2,000 மீட்டருக்கு மேலான மலைப்பகுதியில் மூன்று நிமிடம், ஏனென்றால் அங்கே தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும். கொதிக்க வைக்க வழியில்லை என்றால், வாசனையோ நிறமோ சேர்க்காத சாதாரண குளோரின் பிளீச்சைப் பயன்படுத்தலாம். 5 அல்லது 6 சதவீதக் கரைசல் என்றால் தெளிந்த நீருக்கு லிட்டருக்கு இரண்டு சொட்டு. கலக்கி அரை மணி நேரம் விட வேண்டும். ஒன்றை மறக்காதீர்கள்: கொதிக்க வைப்பது கிருமியைக் கொல்லும், ரசாயனத்தை நீக்காது. டீசல் வாடை அடிக்கும் தண்ணீரை எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது குடிக்கும் தண்ணீர் ஆகாது.

வயிற்றுப்போக்கு வந்துவிட்டால், சுத்தமான ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரையும் அரை டீஸ்பூன் உப்பும், இரண்டையும் தலை தட்டி அளந்து, கலக்கிக் கொடுக்கலாம். உப்பு கூடிவிடக் கூடாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலங்கள் சில கையில் இருந்தால் இந்த அளக்கும் வேலையே இல்லை.

அப்புறம் பை. கடையில் கிடைக்கும் பட்டியல்களில் உள்ளவற்றைவிட, உங்கள் வீட்டில் யாருக்கு எது இல்லாமல் ஒரு நாள் ஓடாது என்று பாருங்கள். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் தினமும் போடும் மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு, மருந்துச் சீட்டின் நகலோடு. பழைய மூக்குக் கண்ணாடி ஒன்று. குழந்தைக்கு வேண்டியவை. சானிடரி நாப்கின். சமைக்காமல் சாப்பிடக்கூடிய உணவு. சில்லறை நோட்டுகளாகக் கொஞ்சம் பணம், ஏனென்றால் மின்சாரமும் நெட்வொர்க்கும் இல்லாத இடத்தில் கார்டும் போனும் வெறும் பிளாஸ்டிக். பேட்டரியில் ஓடும் சின்ன ரேடியோ. ஒரு விசில், இடிபாட்டுக்குள் சிக்கினால் கத்திக் கத்தித் தொண்டை போய்விடும், விசில் ஊதுவதற்கு மூச்சு போதும். முக்கியமான ஆவணங்களின் நகல் ஒரு பிளாஸ்டிக் உறையில்.

பைக்குள் போகாத ஒரு பொருளும் உண்டு. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு ஜோடி செருப்பும் ஒரு டார்ச்சும். இரவில் நிலநடுக்கமோ புயலோ வந்தால் முதலில் உடைவது கண்ணாடி. வெறுங்காலோடு இறங்கிக் காலைக் கிழித்துக்கொண்டவரால் மற்றவருக்கு உதவ முடியாது. மெழுகுவர்த்தி வேண்டாம், கேஸ் கசிந்திருக்கும் வீட்டில் ஒரு தீக்குச்சி போதும். எங்கள் வீட்டில் ஒருமுறை மின்சாரம் போன இரவில், ஆபத்துக்கு என்று வாங்கி அலமாரியில் வைத்திருந்த டார்ச்சைத் தேடி எடுத்தேன். எரியவில்லை. திறந்து பார்த்தால், பேட்டரி பொங்கி ஸ்பிரிங்கெல்லாம் வெள்ளையாகப் பூத்துப் போயிருந்தது. வாங்கி வைத்த நாளோடு வேலை முடிந்துவிட்டது என்று நினைத்திருந்தேன். அன்றிலிருந்து டார்ச்சும் பேட்டரியும் தனித்தனியாக இருக்கின்றன, வருஷத்துக்கு இரண்டு முறை எடுத்துப் போட்டுப் பார்க்கிறோம்.

வீட்டுக்குள் செய்ய வேண்டிய சில்லறை வேலைகள் சில உண்டு. மெயின் சுவிட்ச் எங்கே, கேஸை எங்கே மூடுவது என்பது குழந்தைகள் உட்பட எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். தண்ணீரில் நின்றுகொண்டு மெயின் சுவிட்சைத் தொடக் கூடாது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். உயரமான அலமாரிகளைச் சுவரோடு சேர்த்துத் திருகி விடுங்கள். ஜெனரேட்டர் இருந்தால் அது வீட்டுக்கு வெளியே, ஜன்னலிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளி ஓட வேண்டும். அதன் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. புயலில் தப்பிய குடும்பங்கள் மறுநாள் இரவு ஜெனரேட்டர் புகையில் தூக்கத்திலேயே இறந்திருக்கின்றன.

பிரிந்துவிட்டால்?

பேரிடர் எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம் பார்த்து வராது. அதனால் இரண்டு சந்திப்பு இடங்களை முடிவு செய்யுங்கள். ஒன்று வீட்டு வாசலுக்கு அருகில்; இன்னொன்று, அந்தப் பகுதிக்கே போக முடியாவிட்டால், சற்றுத் தொலைவில். கூடவே, வேறு ஊரில் இருக்கும் ஒரு உறவினரையோ நண்பரையோ தொடர்புப் புள்ளியாக வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கப்பட்ட ஊருக்குள் ஒருவரை ஒருவர் அழைக்க முயன்று நெட்வொர்க் திணறும்போதும், வெளியூருக்கு ஒரு செய்தி போய்விட வாய்ப்பு உண்டு. எல்லோரும் அவருக்குச் சொன்னால், யார் எங்கே என்று அவர் தொகுத்துச் சொல்வார். அழைப்பு கிடைக்காத நேரத்திலும் எஸ்.எம்.எஸ். பல சமயம் போய்ச் சேரும். அந்த எண்களைக் காகிதத்தில் எழுதிப் பர்ஸில் வையுங்கள். போன் அணைந்துவிட்டால் நம்மில் எத்தனை பேருக்கு நான்கு எண்கள் மனப்பாடமாகத் தெரியும்?

வாட்ஸ்அப் பற்றியும் ஒரு வார்த்தை. அணை உடைந்துவிட்டது என்று ஒரு பொய்ச் செய்தி பரவினால், மக்கள் ஓடி நெரிசலில் விழுவார்கள்; அடுத்த முறை உண்மையான எச்சரிக்கையையும் நம்ப மாட்டார்கள். யார் சொன்னது, எத்தனை மணிக்குச் சொன்னது என்று இல்லாத எதையும் அனுப்பாதீர்கள்.

முதலில் வருபவர் பக்கத்து வீட்டுக்காரர்

1995 ஜனவரி 17, விடிகாலை 5.46. ஜப்பானின் கோபே நகரமும் சுற்றுப்புறமும் குலுங்கின. 6,400-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலோர் இடிந்த வீடுகளுக்கும் சாய்ந்த மரச்சாமான்களுக்கும் அடியில் நசுங்கியவர்கள். உயிரோடு வெளியே எடுக்கப்பட்டவர்களை யார் எடுத்தார்கள் என்று பிறகு ஆராய்ந்தபோது, பெரும்பான்மையானவர்களை வெளியே கொண்டுவந்தது குடும்பத்தாரும் அக்கம்பக்கத்தாரும்தான் என்று தெரிந்தது. மீட்புப் படைகளின் குறையல்ல இது. ஒரே நிமிடத்தில் ஆயிரக்கணக்கான வீடுகள் விழும்போது எந்த நாட்டின் படையும் எல்லா வாசலுக்கும் வர முடியாது.

கோபேக்கு எதிரே உள்ள அவாஜித் தீவில் ஹொகுதான் என்று ஒரு சிற்றூர். நிலநடுக்கத்தை உண்டாக்கிய நிலப்பிளவு ஓடியது அதன் நிலத்தின் வழியாகவே. அங்கே இடிபாட்டில் சிக்கியவர்களை ஊர்க்காரர்களும் உள்ளூர்த் தன்னார்வத் தீயணைப்புக் குழுவும் சேர்ந்து அன்றைக்கே மீட்டுவிட்டார்கள். காரணமாகச் சொல்லப்படுவது இதுதான்: எந்த வீட்டில் யார் இருக்கிறார்கள், அந்தப் பாட்டி எந்த மூலை அறையில் படுப்பார் என்பதுவரை அவர்களுக்குத் தெரிந்திருந்தது. எங்கே தோண்டுவது என்று தேட வேண்டியிருக்கவில்லை.

இதைப் படிக்கும்போது உங்கள் தெருவையோ அடுக்கு மாடியையோ நினைத்துப் பாருங்கள். எதிர் வீட்டில் எத்தனை பேர், அவர்களில் யாரால் படி இறங்க முடியாது, யாருக்கு ஆக்சிஜன் இயந்திரம் ஓட மின்சாரம் வேண்டும், யாருக்குக் காது கேட்காததால் ஒலிபெருக்கி அறிவிப்பு எட்டாது, யார் வாரம் மூன்று நாள் டயாலிசிஸ் போகிறார்? இன்னொரு பக்கம், யார் செவிலியர், யாருக்கு மின்வேலை தெரியும், யாரிடம் ஏணி இருக்கிறது, யாருக்கு நீந்தத் தெரியும்? ஒரு மாலை எல்லோரும் உட்கார்ந்து இதை ஒரு தாளில் எழுதினால் போதும். யார் யாரைத் தட்டி எழுப்ப வேண்டும் என்று அதே தாளில் பெயர் போட்டுவிடுங்கள். ‘யாராவது பார்த்துக்கொள்வார்கள்’ என்றால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் அந்தத் தாளைக் குழுவில் பகிரங்கமாகப் போடாதீர்கள். தனியாக இருக்கும் முதியவர்களின் விவரம் நம்பிக்கையானவர்கள் கையில் மட்டும் இருக்கட்டும்.

ஊர் அளவில் இது எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு வங்கதேசம் சாட்சி. 1970 நவம்பரில் அங்கே வந்த போலா புயலில் மூன்று லட்சத்திலிருந்து ஐந்து லட்சம் பேர் இறந்ததாக மதிப்பிடுகிறார்கள். அதற்குப் பிறகு உருவானதுதான் புயல் தயார்நிலைத் திட்டம். இன்று அதில் சுமார் 76,000 தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். எச்சரிக்கை வந்ததும் கொடியேற்றுவார்கள், மெகாபோனோடு வீடு வீடாகப் போய்ச் சொல்வார்கள், நடக்க முடியாதவர்களைப் புயல் காப்பகத்துக்குக் கொண்டுசேர்ப்பார்கள். 2007-ல் மிகப் பலமான சிட்ர் புயல் வந்தபோது இறந்தவர்கள் சுமார் 3,400 பேர். அதுவும் பெரிய துயரம்தான், ஆனால் 1970-உடன் சேர்த்துப் பார்க்க வேண்டிய எண். அங்கே கற்றுக்கொண்ட இன்னொரு பாடமும் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1991 புயலில் ஆண்களைவிடப் பெண்கள் மிக அதிகமாக இறந்தார்கள். ஆண் வந்து சொல்லாமல் வீட்டை விட்டுக் கிளம்ப முடியாமல், காப்பகத்தில் பெண்களுக்குத் தனி இடம் இல்லாமல் தயங்கி நின்றவர்கள் பலர். இன்று அந்தத் தன்னார்வலர்களில் பாதிப் பேர் பெண்கள். எச்சரிக்கை என்பது காதில் விழுந்தால் மட்டும் போதாது, கேட்டவரால் அதன்படி நடக்க முடிய வேண்டும்.

திட்டத்தையும் தாண்டி

2011 மார்ச் 11 அன்று பெரிய நிலநடுக்கம் வந்தபோது, ஜப்பானின் காமாய்ஷி நகரில், கடற்கரைக்கு அருகில் இருந்த ஒரு நடுநிலைப் பள்ளியின் மாணவர்கள் அதிர்வு அடங்கியதும் ஓடத் தொடங்கினார்கள். பல வருஷமாக ஒத்திகை பார்த்த பிள்ளைகள். பக்கத்துத் தொடக்கப் பள்ளியின் சிறுவர்களும் அவர்களைப் பார்த்துச் சேர்ந்துகொண்டார்கள். முன்பே குறித்து வைத்திருந்த இடத்தை அடைந்தபோது, பின்னால் உள்ள மலைச்சரிவில் மண் சரிவதைக் கண்டார்கள். இங்கே நிற்க வேண்டாம் என்று சின்னப் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டு இன்னும் மேலே போனார்கள். அப்புறம் அதற்கும் மேலே. அவர்கள் முதலில் நின்ற இடத்தைச் சுனாமி மூழ்கடித்தது. பிள்ளைகள் பிழைத்தார்கள். ‘குறித்து வைத்த இடம் வந்துவிட்டது, போதும்’ என்று நிற்காதே, கண் முன்னால் நடப்பதைப் பார் என்பதும் அவர்களுக்குக் கற்பிக்கப்பட்டிருந்தது.

ஒத்திகை பார்க்காத திட்டம் காகிதம்தான். எங்கள் கட்டடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு, விளக்குகளை அணைத்துவிட்டு, எல்லோரும் பையோடு வாசலுக்கு வர எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்தோம். முதல் முறை பதினோரு நிமிடம். ஒரு வீட்டில் சாவி கதவின் உட்புறப் பூட்டில் இல்லை, இருட்டில் தேடினார்கள். இன்னொரு வீட்டில் பை பரண் மேல் இருந்தது. மூன்றாம் மாடியில் முழங்கால் வலியோடு இருக்கும் பாட்டியை யார் பிடித்து இறக்குவது என்று பெயர் எழுதியிருந்தோம்; அந்தத் தம்பி அன்று ஊரிலேயே இல்லை. எல்லாவற்றையும் குறித்துக்கொண்டோம். சாவிக்குக் கதவோரம் ஓர் ஆணி, பைக்குக் கட்டிலடி, பாட்டிக்கு இரண்டாவதாக ஒரு பெயர். அடுத்த மாதம் மறுபடி பார்த்தபோது ஐந்து நிமிடம். நாங்கள் கடைசிப் படியில் திரும்பும்போதே பாட்டி வாசலில் நின்றுகொண்டிருந்தார், காலில் செருப்பு, கையில் டார்ச், கழுத்தில் விசில்.